கணினித் துணைப்பணிப் பயிற்சியைத் தேர்ந்தெடுக்கும் நெறி
(தமிழ்ச் சிறப்பு வகுப்பு மாணவர் ஒருவர் எழுதியது)

தோற்றுவாய்

நம் தூத்துக்குடிக் கடலில் முத்துச் சலாபம் நடைபெற்ற காலத்தே, குளிப்போர் கொணர்ந்த சிப்பிகள் வாய் திறவாத நிலையிலேயே ஆயிரம் ஆயிரமாகக் கரையில் ஏலம் விடப்பட்டன. ஏலம் எடுக்கும் வணிகன், தான் கொள்ளும் சிப்பியினுள்ளே முத்து உளதோ இலதோ அறியான். ஆயினும் அவன் முற்றும் கண்மூடி விலை கூறினான் அல்லன். சலாபம் தொடங்குமுன்னரே, கடலடிப் பார்களினின்று சில ஆயிரம் சிப்பிகளை மாதிரியாக எடுத்துத் திறந்து, கிடைத்த முத்துக்களை வல்லாரைக்கொண்டு மதிப்பிட்டு, அம்மதிப்பை வணிகர் அறியச் செய்வது வழக்கமாக இருந்தது. மாதிரியைக் கண்டு மதிப்பை உணர்ந்த பின்னரே வணிகர் தம் பணப்பையை அவிழ்த்தனர். 1961-ஆம் ஆண்டோடு அச்சலாபங்கள் நம் கடலில் நின்றுபோயின. எனினும் அவ்வணிகர் கைக்கொண்ட முன்னறிவு இன்று நமக்கு வேறொரு துறையில் வேண்டப்படுகின்றது.

பட்டம் பெறும் காலம் அணுகுந்தோறும் நம் மாணவர் உள்ளத்தில் எழும் வினா, "இனி யாது செய்வது?" என்பதே. பொறியியல் படியாதாரும், கலையும் அறிவியலும் வணிகவியலும் பயின்றாரும் எளிதிற் புகத்தக்க வாயில்களுள் ஒன்று கணினித் துணைப்பணி. ஆகவே அப்பணிக்குரிய சான்றிதழ்ப் பயிற்சிகளை நாடி நம்மிற் பலர் செல்கின்றனர். பெருநகரங்களிலும் சிற்றூர்களிலும் பயிற்சி நிலையங்கள் பல. இணைய வழியிலோ எண்ணிலடங்கா. ஒவ்வொன்றும் தன்னையே சிறந்ததெனக் கூறுகின்றது. நம் இல்லங்களோ உப்பளத்திலும், படகிலும், துறைமுகச் சுமைப்பணியிலும், சிறு கடைகளிலும் பாடுபட்டு ஈட்டிய பொருளால் நடப்பவை. அங்கே ஒரு முறை தவறான இடத்தில் கட்டிய கட்டணம் இரண்டாம் முறை எளிதில் கிடைப்பதன்று. திருவள்ளுவர் பொருட்பாலில் தெரிந்துசெயல்வகை என ஓர் அதிகாரமே வகுத்துள்ளார். அழிவதையும் ஆவதையும் எண்ணிப் பார்த்த பின்னரே செயலில் இறங்குதல் வேண்டும் என்பது அதன் கருத்து. அக்கருத்தைத் துணைக்கொண்டு, இப்பயிற்சியைத் தெரிந்துகொள்ளும் நெறியை ஈண்டு ஒருவாறு ஆராய்வாம்.

இக்கட்டுரையின் முடிந்த கருத்தை முதலிலேயே கூறிவிடுகின்றேன். முதலில் பணியைத் தெரிக. பின்னர் அப்பணிக்குரிய தேர்வைத் தெரிக. பயிற்சி நிலையத்தை இறுதியிலேயே தெரிக. நம்மிற் பெரும்பாலார் இவ்வரிசையைத் தலைகீழாக மாற்றி, நிலையத்தை முதலிற் பிடித்து, அது தருவதையே தேர்வாகவும், அத்தேர்வு தருவதையே பணியாகவும் ஏற்கின்றனர். இடர் பிறப்பது இங்கேயே.

1. பணியின் இயல்பு

ஐ.டி. சப்போர்ட் என மக்கள் வழங்கும் இத்துணைப்பணி, புதிய மென்பொருள்களை இயற்றும் பணியன்று. பிறர் தத்தம் வேலையைத் தடையின்றிச் செய்யுமாறு கணினியையும், அச்சுப்பொறியையும், வலையமைப்பையும், கணக்குகளையும், கடவுச்சொற்களையும் ஒழுங்குற வைத்துக் காப்பதே இப்பணி. ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்குவேன்.

நம் துறைமுகம் 1974-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 11-ஆம் நாள் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பெற்றது, இன்று வ. உ. சிதம்பரனார் பெயரால் விளங்குகின்றது. அதனைச் சூழச் சுங்க முகவர்கள், கப்பல் முகவர்கள், உப்பு வணிகர், மீன் ஏற்றுமதியாளர் ஆகியோருடைய சிறு அலுவலகங்கள் பல உள்ளன. இறக்குமதிச் சரக்கிற்குரிய ஆவணத்தைச் சுங்கத் துறையின் ஐஸ்கேட் என்னும் மின்தளத்தில், டிஜிட்டல் கையொப்பமிட்டுத் தாக்கல் செய்தல் வேண்டும். ஒரு காலைப்பொழுதில் அவ்வலுவலகக் கணினி, கையொப்பத்திற்குரிய டோக்கன் என்னும் சிறு கருவியை ஏற்க மறுக்கின்றது என்று கொள்வோம். பெட்டகம் துறையிலே காத்துக் கிடக்கின்றது. நாள் கடந்தால் தாமதக் கட்டணம் ஏறுகின்றது. எழுத்தர் வியர்த்து நிற்கின்றார். இந்நிலையில் அழைக்கப்படுபவனே துணைப்பணியாளன்.

அவன் செய்வது யாது? டோக்கன் செருகிய துளை பழுதோ, அதனை இயக்கும் டிரைவர் என்னும் மென்பொருள் நீங்கியதோ, கையொப்பத்தின் காலம் முடிந்ததோ, வலையமைப்புத் தடைப்பட்டதோ என ஒவ்வொன்றாக ஐயுறுகின்றான். டோக்கனை வேறு துளையில் செருகிப் பார்க்கின்றான், வேறு கணினியில் வைத்துப் பார்க்கின்றான், காரணத்தைத் தெளிகின்றான், அதன் பின்னரே கை வைக்கின்றான். இவ்வாறு பழுதை அறிதல், காரணத்தைக் கருதுதல், கருதியதைச் சோதித்தல், திட்டமிட்டுத் திருத்துதல், முழுதும் இயங்குகின்றதா எனச் சரிபார்த்தல், செய்ததை எழுதிவைத்தல் என்னும் ஆறு படிகளே இத்துறையின் அடிப்படை. வள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில் மருத்துவனுக்கு வகுத்த முறையும் இதனோடு ஒத்திருப்பதைத் தமிழ் மாணவர் எளிதில் உணர்வர். பிணியை உணராது மருந்து கொடுப்பானும், காரணத்தை உணராது கணினியை அழித்து மீண்டும் நிறுவுவானும் ஓரினத்தாரே.

இன்னும் ஒன்று உண்டு. துணைப்பணியாளன் கணினியோடு மட்டும் பேசுகின்றான் அல்லன். கணினியை அஞ்சும் மனிதரோடும் பேசுகின்றான். "ஒன்றும் வேலை செய்யவில்லை" என்று கூறும் முதியவரிடம் பொறுமையாக வினவி, உண்மையில் நின்றுபோனது எதுவெனத் தெரிந்து, அவருக்கு விளங்கும் மொழியில் விடை கூறும் ஆற்றல் இப்பணியிற் பாதியாகும். மொழி பயில்வார்க்கும் இப்பணியில் இடம் உண்டு என்று யான் கருதுவதற்குக் காரணம் இதுவே.

ஆகவே பயிற்சி நிலையத்தின் வாயிலை மிதிக்குமுன், இப்பணி தனக்கு ஏற்றதா என்று ஒவ்வொருவரும் தம்மைத் தாமே வினவிக்கொள்ளல் வேண்டும். பிறருடைய சினத்தைப் பொறுக்கவும், ஒரே வினாவிற்கு நாடோறும் விடை கூறவும், சில பணியிடங்களில் இரவு முறையில் உழைக்கவும் இயையாதார்க்கு எச்சான்றிதழும் உதவாது. துறைமுகத்தைச் சார்ந்த அலுவலகம், மருத்துவமனை, வங்கி, கல்வி நிலையம் ஆகியவற்றுள் ஒன்றில் இப்பணி செய்யும் ஒருவரை அணுகி, ஒரு நாள் அவர் என்ன செய்கின்றார் என்று கேட்டறிதல் கட்டணமில்லா முதற்பாடம். நம் ஊரிலேயே 2024-ஆம் ஆண்டு திசம்பர்த் திங்களில் சிறு டைடல் பூங்கா திறக்கப்பெற்றது. அங்கே இடங்கொள்ளும் நிறுவனங்கள் தம் பணியிட விளம்பரங்களில் வேண்டும் தகுதிகள் எவை எனக் குறித்துக்கொள்வதும் நன்று.

2. பயிற்சி வேறு, சான்றிதழ் வேறு

பணியைத் தெரிந்த பின்னர்ச் சான்றிதழின் இயல்பை அறிதல் வேண்டும். "சான்றிதழ்" என்னும் ஒரே சொல்லால் மூவகைத் தாள்கள் வழங்கப்படுகின்றன.

முதல் வகை, பயிற்சி நிலையமே தன் முத்திரையிட்டுத் தரும் தாள். இத்தனை நாள் வந்தான், இதனைக் கேட்டான் என்பதற்கு அது சான்று; அவன் கற்றான் என்பதற்குச் சான்றாதல் அரிது. நிலையத்தின் பெயரை அறியாத முதலாளிக்கு அத்தாளும் ஒரு வெற்றுத் தாளே.

இரண்டாம் வகை, துறையில் நிலைபெற்ற ஓர் அமைப்போ கருவி செய்யும் நிறுவனமோ நடத்தும் தேர்வில் தேறியதற்குரிய சான்றிதழ். இங்கே கற்பிப்பவர் ஒருவர், சோதிப்பவர் மற்றொருவர். எங்கே கற்றாலும், எவரிடமும் கல்லாது தானே கற்றாலும், தேர்வில் தேறினால் சான்றிதழ் உரியது. உலகெங்கும் ஒரே அளவுகோலால் அளக்கப்படுதல் இதன் பெருமை.

மூன்றாம் வகை, அரசு ஏற்ற சான்றிதழ். இந்தியாவில் 2013-ஆம் ஆண்டு திசம்பரில் அறிவிக்கப்பெற்ற தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பு, ஒவ்வொரு தொழிற்பயிற்சிக்கும் ஒரு நிலையை வரையறுக்கின்றது. தொழிற்பயிற்சிகளை ஒழுங்குபடுத்தத் தேசியத் தொழிற்கல்வி மற்றும் பயிற்சிக் குழுமம் 2018-ஆம் ஆண்டில் அறிவிக்கப்பெற்றது. அரசுப் பணியையோ, பொதுத்துறைப் பணியையோ நாடுவார் இவ்வகையையும் கருதுதல் வேண்டும்.

இம்மூன்றையும் ஒன்றாக எண்ணி மயங்குவதால் விளையும் துன்பம் பெரிது. என் ஊரவர் ஒருவர், தாயின் நகையை அடகு வைத்து ஒரு பயிற்சி நிலையத்தில் எட்டுத் திங்கள் பயின்றார். முடிவில் பொன்னெழுத்துப் பொறித்த தாள் ஒன்று பெற்றார். பணி தேடிச் சென்ற இடத்தில், "நீ எழுதிய தேர்வு யாது?" என்றே வினவினர். அவர் எத்தேர்வும் எழுதவில்லை. தேர்வென ஒன்று தனியே உண்டு என்பதையே எவரும் அவருக்குக் கூறவில்லை. கற்றவை சில அவர்பால் இருந்தன. அவற்றை மெய்ப்பிக்கும் தாள் இல்லை. நகையோ இன்னும் அடகுக் கடையிலேயே உள்ளது. அவர் அறிவிலி அல்லர். சேருமுன் கேட்க வேண்டிய வினாவை அவருக்கு எடுத்துக்கூறுவார் இல்லாமற்போயினர், அவ்வளவே.

3. தேர்வுகள் சில

இனித் தொடக்க நிலையினர் கருதத்தக்க தேர்வுகள் சிலவற்றைக் காண்போம்.

காம்ப்டியா என்னும் அமைப்பு 1993-ஆம் ஆண்டு முதல் நடத்திவரும் ஏ பிளஸ் என்பது, துணைப்பணிக்கென்றே அமைந்த தேர்வு. இஃது இரு பகுதியாய் உள்ளது; இரண்டிலும் தேறுதல் வேண்டும். ஒவ்வொன்றிலும் 90 வரையிலான வினாக்கள். காலம் 90 நிமிடம். 900 என்னும் உச்ச அளவில் முதற்பகுதிக்கு 675-உம், இரண்டாம் பகுதிக்கு 700-உம் பெறுதல் வேண்டும். முதற்பகுதியில் வன்பொருள், வலையமைப்பு, கைக்கருவிகள் ஆகியனவும், இரண்டாம் பகுதியில் இயக்க மென்பொருள், பாதுகாப்பு, பணி ஒழுங்கு ஆகியனவும் இடம்பெறும். ஓராண்டுப் பழக்கம் உடையார்க்கு இஃது ஏற்றது என அவ்வமைப்பே கூறுகின்றது. ஆயினும் அது கட்டாயமன்று. சான்றிதழ் மூன்றாண்டு செல்லும். பின்னர்ப் புதுப்பித்தல் வேண்டும்.

சிஸ்கோ நிறுவனத்தின் சி.சி.என்.ஏ. என்பது வலையமைப்புப் பணிக்கு உரியது. ரவுட்டர், சுவிட்ச் ஆகியவற்றை அமைக்கவும் பழுது பார்க்கவும் விரும்புவார்க்கு ஏற்றது. கணினியின் அடிப்படையே அறியாதார்க்கு முதற்படியாக அமைவது அரிது. இதுவும் மூன்றாண்டுக் காலம் செல்லத்தக்கது.

கூகுள் நிறுவனம் 2018-ஆம் ஆண்டு கோர்செரா தளத்தில் தொடங்கிய ஐ.டி. சப்போர்ட் சான்றிதழ், முன்னறிவு ஒன்றும் வேண்டாது இணைய வழியில் தானே கற்கத்தக்கது. இதில் தனித் தேர்வு நிலையம் சென்று எழுதும் இறுதித் தேர்வு இல்லை. ஆகவே ஏ பிளஸ் தேர்வை ஒத்த எடை இதற்கு எல்லாவிடத்தும் உண்டென எண்ணுதல் கூடாது. எனினும் இத்துறை தனக்கு ஒத்துவருமா எனச் சிறு செலவில் அறிய விரும்புவார்க்கு இது நல்ல வாயில்.

அரசுத் துறையில், முன்னர் டி.ஓ.இ.ஏ.சி.சி. என வழங்கி 2011 முதல் நைலிட் எனப் பெயர் பெற்ற நிறுவனத்தின் "ஓ லெவல்" தேர்வு உண்டு. தொழிற்பயிற்சி நிலையங்களாகிய ஐ.டி.ஐ.-களில் கணினி வன்பொருள் மற்றும் வலையமைப்புப் பராமரிப்பு, கணினி இயக்குநர் மற்றும் நிரலாக்க உதவியாளர் முதலிய ஓராண்டுத் தொழிற்பிரிவுகள் வகுக்கப்பட்டுள்ளன. அருகிலுள்ள ஐ.டி.ஐ.-யில் எப்பிரிவு நடைபெறுகின்றது என நேரிற் சென்று கேட்டல் நலம். தமிழ்நாட்டரசு 2022-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் முதல் நாள் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தின்கீழ்க் கல்லூரிகளுக்கு வரும் பயிற்சிகளையும் மாணவர் புறக்கணித்தல் தகாது. பொருள் கொடுத்து வெளியே கற்பது, பொருளின்றி உள்ளேயே கிடைக்கின்றதா என்று முதலிற் பார்ப்பது அறிவுடைமை.

இவற்றுள் எதனை எழுதலாம்? இதற்கு ஒரே விடை இல்லை. துறைமுக அலுவலகத்தில் பல கணினிகளையும் காக்கும் பணி வேண்டுவான் ஒரு தேர்வையும், வலையமைப்பில் ஆழ விரும்புவான் வேறொரு தேர்வையும், அரசுப் பணி நாடுவான் மற்றொன்றையும் கொள்ளல் வேண்டும். பணியே தேர்வைத் தீர்மானிக்கும் என்று முன்னர்க் கூறியது இதனாலேயே.

4. பாடத்திட்டமே உரைகல்

பொன்னை வாங்குவோன் உரைகல்லைக் கையிற்கொண்டு செல்கின்றான். பயிற்சியை வாங்குவோன் கையிற்கொள்ள வேண்டிய உரைகல், தேர்வை நடத்தும் அமைப்பே வெளியிடும் பாடத்திட்டம். காம்ப்டியா, சிஸ்கோ ஆகிய இரண்டும் தம் தேர்வுப் பொருளடக்கத்தைத் தம் தளங்களில் கட்டணமின்றி வெளியிடுகின்றன. அதனை இறக்கி, அச்சிட்டு, பயிற்சி நிலையம் தரும் பாடப்பட்டியலோடு வரிக்கு வரி ஒப்பிடுக. நிலையத்தின் பட்டியலில் இல்லாதவற்றைச் சிவப்பு மையாற் குறிக்க. ஒரு மணி நேர வேலைதான். ஓராண்டு வருத்தத்தைத் தடுக்கும்.

ஒப்பிடுங்கால் மூன்றைச் சிறப்பாக நோக்குக.

முதலாவது, பதிப்பு. இத்தேர்வுகள் சில ஆண்டுக்கு ஒருமுறை மாறும். ஏ பிளஸ் தேர்வின் 220-1201, 220-1202 என்னும் எண்ணுடைய பதிப்பு 2025-ஆம் ஆண்டு மார்ச்சில் வெளிவந்தது. அதற்கு முன்னிருந்த 220-1101, 220-1102 என்பன அவ்வாண்டு செப்டம்பரில் ஓய்வுபெற்றன. மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் எம்.சி.எஸ்.ஏ., எம்.சி.எஸ்.இ. என்னும் புகழ்பெற்ற சான்றிதழ்கள் 2021-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 31-ஆம் நாளோடு நிறுத்தப்பட்டன. அவற்றைப் பெற்றுத் தருவதாக இன்றும் ஒரு நிலையம் கூறுமாயின், அந்நிலையம் தன் பலகையை நெடுநாளாகப் படித்துப் பார்க்கவில்லை என்பது தெளிவு. அவ்வாறே விண்டோஸ் 10-க்கு அந்நிறுவனம் அளித்துவந்த பொது ஆதரவு 2025-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 14-ஆம் நாள் முடிந்தது. ஆகவே விண்டோஸ் 11-இல் பழக்காத பயிற்சி, நேற்றைய பணிக்கே ஆளை ஆயத்தஞ்செய்கின்றது.

இரண்டாவது, எடை. ஏ பிளஸ் முதற்பகுதியில் நூற்றுக்கு 28 பங்கு பழுது கண்டறிதலுக்கே உரியது. இரண்டாம் பகுதியில் பணி ஒழுங்கிற்கு 21 பங்கு. ஆவணம் எழுதுதலும், பயன்படுத்துவோரிடம் பேசும் முறையும் அதனுள் அடங்கும். உறுப்புகளின் பெயரை மனப்பாடம் செய்விப்பதோடு நிற்கும் பயிற்சி, தேர்வின் பெரும்பகுதியைத் தொடவேயில்லை என்க.

மூன்றாவது, மொழி. ஏ பிளஸ் தேர்வு தமிழில் நடத்தப்படுவதில்லை. தமிழ் வழியில் பயின்ற மாணவர் பாடத்தை அறிந்தும் வினாவைப் புரிந்துகொள்ளாது இடர்ப்படுதல் கூடும். எனவே தமிழில் விளக்கி, ஆங்கில வினாக்களில் பழக்கும் ஆசிரியரே இவர்க்கு ஏற்றவர். தமிழில் மட்டும் கற்பித்தலும், ஆங்கிலத்தில் மட்டும் வாசித்துச் செல்லுதலும் இரண்டும் குறைபாடே.

5. மாதிரி கண்டு மதிப்பிடல்

இனி நிலையத்தைத் தெரிதல். சலாப வணிகர் மாதிரிச் சிப்பியைக் கண்டது போல, நாமும் மாதிரி வகுப்பைக் காணல் வேண்டும். டெமோ வகுப்பு என்று வழங்குவது இதுவே. ஆனால் மாதிரிக்கெனச் சிறப்பாக ஒப்பனை செய்த வகுப்பை நம்பற்க. நடந்துகொண்டிருக்கும் வகுப்பொன்றில் ஒரு மணி நேரம் பின்னிருக்கையில் அமர இடங்கொடுக்குமாறு வேண்டுக. இடங்கொடுத்தால் கீழ்க்கண்டவற்றை நோக்குக.

மாணவர் கையில் கருவி உளதா? இத்தொழில் கண்ணாற் கண்டு கற்பதன்று; கையாற் செய்து கற்பது. ஒரு கணினியைச் சுற்றிப் பத்துப்பேர் நிற்பின், ஒருவன் கற்கின்றான், ஒன்பதின்மர் காண்கின்றனர். திறந்து பிரித்துச் சேர்ப்பதற்கெனப் பழைய கணினிகள் உளவா? வலைக்கம்பியின் முனையை மாணவனே பொருத்துகின்றானா? வேண்டுமென்றே பழுதுசெய்து வைத்த கணினியைச் சரிசெய்யும் பயிற்சி உண்டா?

ஆசிரியர் யார்? அவர் தாமே இப்பணியைச் செய்தவரா? தாம் கற்பிக்கும் தேர்வில் தாம் தேறியவரா? இவற்றைப் பணிவோடு வினவுதல் பிழையன்று. நல்லாசிரியர் இவ்வினாவிற்கு மகிழ்ந்து விடை கூறுவர்; தம் அறியாமை வெளிப்படும் என அஞ்சுவாரே சினப்பர்.

முன்னர்ப் பயின்றார் கூறுவது யாது? சுவரில் ஒட்டிய படங்களில் காணப்படுவாரை மட்டும் கேட்டல் போதாது. அவர் நிலையத்தாராலே தெரிந்தெடுக்கப்பட்டவர். சென்ற குழுவில் சேர்ந்தோர் எத்துணைவர், முடித்தோர் எத்துணைவர், தேர்வு எழுதியோர் எத்துணைவர், தேறியோர் எத்துணைவர் என்று நான்கு எண்களையும் கேட்க. இருவரோ மூவரோ பழைய மாணவரைத் தாமே தேடிக் கண்டு பேசுக. பத்து விளம்பரம் கூறாததை ஒரு பழைய மாணவர் கூறுவார்.

இணைய வழிப் பயிற்சிக்கும் இவை பொருந்தும். அங்கே செய்முறைக் கூடம் எவ்வகையில் அமைந்துள்ளது, ஐயம் எழுந்தால் விடை கூறுவார் யார், எத்துணை நாளில் விடை வரும் என்பவற்றை அறிக.

6. பொருளைக் காத்தல்

கட்டணம் எவ்வளவு என்று கேட்பது போதாது. கட்டணத்துள் அடங்குவன எவை என்று கேட்டல் வேண்டும். தேர்வுக் கட்டணம் தனியா? அது பயிற்சிக் கட்டணத்தினும் வேறாகத் தேர்வு நடத்துவோர்க்குச் செலுத்தப்படுவது. ஏ பிளஸ் தேர்விற்கு இரு பகுதிக்கும் தனித்தனியே செலுத்துதல் வேண்டும். சரக்கு மற்றும் சேவை வரி சேர்ந்ததா? நூலும் கருவியும் உள்ளனவா? ஒருமுறை தவறினால் மறுமுறை எழுதும் செலவு யாருடையது? காம்ப்டியா, சிஸ்கோ தேர்வுகளைப் பியர்சன் வியூ என்னும் நிறுவனம் நடத்துகின்றது. அருகிலுள்ள தேர்வு நிலையம் எவ்வூரிலுள்ளது என அதன் தளத்தில் பார்த்து, வழிச்செலவையும் கணக்கிற் சேர்க்க.

கட்டணத்தைத் தவணையாகச் செலுத்தலாம் என்று கூறுவாரிடத்து ஒன்றை ஆராய்க. அது நிலையத்திற்கே செலுத்தும் தவணையா, அன்றி வேறொரு நிதி நிறுவனத்தில் நம் பெயரால் எடுக்கப்படும் கடனா? பின்னதாயின், நாம் பயிற்சியை இடையில் விட்டாலும் கடன் நம்மை விடாது. கையொப்பமிடுமுன் தாளை முழுதும் படித்தல் வேண்டும். விளங்காத வரியை விளங்கும்வரை கேட்டல் வேண்டும். இடையில் நின்றால் திரும்பக் கிடைப்பது எவ்வளவு என்பதை எழுத்தில் பெறுக. வாய்ச்சொல் காற்றோடு போம்.

"நூற்றுக்கு நூறு வேலை உறுதி" என்னும் சொல்லைக் கேட்டவுடன் உள்ளம் நெகிழ்தல் இயல்பே; ஆயினும் அச்சொல்லே எச்சரிக்கைக்குரியது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 13-ஆம் நாள், பயிற்சித் துறையில் மயக்கும் விளம்பரங்களைத் தடுப்பதற்கு வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. வேலை உறுதி, தேர்ச்சி உறுதி எனப் பொய்யாக உறுதி கூறி விளம்பரஞ்செய்தலை அந்நெறிகள் விலக்குகின்றன. வேலை தருபவர் முதலாளியேயன்றிப் பயிற்சி நிலையத்தார் அல்லர். அவர் செய்யக்கூடியது நேர்முகத் தேர்விற்கு அனுப்புதல் மட்டுமே. ஆதலால் "எத்தனை நேர்முகத் தேர்வுகளுக்கு அனுப்புவீர்? சென்ற ஆண்டு எந்நிறுவனங்களுக்கு அனுப்பினீர்?" என்று கேட்பதே பொருளுடைய வினா. ஏமாற்றமுற்றார், தேசிய நுகர்வோர் உதவி எண்ணாகிய 1915-ஐ அழைக்கலாம். ரசீதும் எழுத்து வாக்குறுதியும் கையிலிருப்பின் அவ்வழைப்பிற்கு வலிமை மிகும்.

7. கற்பான் கடமை

நல்ல தேர்வையும் நல்ல நிலையத்தையும் தெரிந்த பின்னரும், கற்பான் செய்ய வேண்டுவன சில உண்டு. தேர்வில் வந்த வினாக்களைத் திருட்டுத்தனமாகத் திரட்டி விற்கும் வழக்கம் இத்துறையில் உள்ளது. அவற்றை மனப்பாடம் செய்து தேறுவதைத் தேர்வு அமைப்புகள் குற்றமாகக் கருதுகின்றன. கண்டுபிடித்தால் சான்றிதழைப் பறிக்கவும் செய்கின்றன. கண்டுபிடியாவிடினும் பயன் யாது? முன்னர்க் கூறிய சுங்க முகவரின் கணினிமுன் நிற்கும்போது, மனப்பாடம் செய்த விடை டோக்கனைத் திறக்காது. திருட்டு வினாத்தாள்களைத் தாமே தரும் நிலையத்தை அப்பொழுதே விட்டு நீங்குக.

அதற்கு மாறாக, இல்லத்திலோ நண்பரிடத்திலோ கிடக்கும் பழைய கணினியொன்றை உரிமையாளர் இசைவோடு பெற்றுத் திறந்து பழகுக. கட்டணமின்றிக் கிடைக்கும் மெய்நிகர்க் கணினி மென்பொருளில் விண்டோஸையும் லினக்ஸையும் நிறுவி, கெடுத்து, மீண்டும் திருத்துக. கண்ட பழுதையும், கருதிய காரணத்தையும், செய்த திருத்தத்தையும் நாடோறும் ஒரு குறிப்பேட்டில் எழுதுக. நேர்முகத் தேர்வில் அக்குறிப்பேடு சான்றிதழினும் மிகுதியாகப் பேசுதல் கூடும்.

இவ்விடத்து நம் கடற்கரையின் செய்தி ஒன்று நினைவிற்கு வருகின்றது. 1973-ஆம் ஆண்டு, மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்து அறிஞர், நம் ஊரை அடுத்த வேப்பலோடையில் முத்துச்சிப்பியினுள் கருவை வைத்து, கடல்நீரில் வளர்த்து, வளர்ப்பு முத்தைப் பெற்றனர். பல்லாயிரம் சிப்பியில் எங்கோ ஒன்று கிடைக்கும் என்று காத்திராது, முறையறிந்து பொறுமையோடு உழைத்தால் முத்தை விளைவிக்கவும் கூடும் என்பதை அவர் மெய்ப்பித்தனர். கல்வியும் அத்தகையதே.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், பணியை முதலிலும், தேர்வை அடுத்தும், நிலையத்தை இறுதியிலும் தெரிதல் வேண்டும் என்பதும், கற்பிப்பார் தரும் தாளும் சோதிப்பார் தரும் சான்றிதழும் வேறு என்பதும், பாடத்திட்டத்தைக் கையிற்கொண்டு மாதிரி கண்டே பொருள் கொடுத்தல் வேண்டும் என்பதும் விளங்கும்.

இக்கல்லூரியின் பழைய மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தங்களுள் இத்துறையிற் பணிபுரிவோர் ஆண்டிற்கு ஒருமுறை வந்து, தாம் எழுதிய தேர்வு, கற்ற வழி, ஆன செலவு, பெற்ற பயன் ஆகியவற்றை எங்களுக்கு எடுத்துக்கூறுதல் வேண்டும். அவற்றை ஒரு பதிவேட்டில் எழுதி நம் நூல் நிலையத்தில் வைப்பின், பின்வரும் மாணவர் விளம்பரத்தைப் பார்க்குமுன் அதனைப் பார்ப்பர். ஆசிரியப் பெருமக்கள் இதற்கு இடந்தந்து ஊக்குவார்களாக. மாணவ நண்பர்கள், கட்டணம் கட்டுமுன் ஒருவரையொருவர் கலந்து ஆராய்வார்களாக. நகையை அடகுக் கடைக்குக் கொண்டுசெல்லும் தாய்மார்க்கு நாம் செய்யும் முதற் கைம்மாறு, எதற்காக அப்பொருளைக் கொடுக்கின்றோம் என்பதைத் தெளிய அறிந்திருத்தலேயாகும்.